நிற்கிற மேஸ்திரி

“கையக் கழுவுங்க!”

தைரியநாதன் மேஸ்திரி குரல் கொடுத்தபோது மணி சரியாக ஐந்தரை. அவரோடு சேர்த்து ஏழு பேரும் முக்கிலிருந்த குழாயடிக்குப் போனார்கள். ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து விரலிடுக்கு, நகக்கண், முழங்கை என்று தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்கள். காலையில் வீட்டைவிட்டுப் புறப்பட்டபோது அந்தக் கைகள் எவ்வளவு சுத்தமோ அவ்வளவு சுத்தமாகத்தான் இப்போதும் இருந்தன. அன்றைக்கு அவர்கள் ஒரு செங்கல்லைக்கூடத் தொடவில்லை. நேற்றும் தொடவில்லை. ஊரடங்கு தளர்ந்து மறுபடி முக்கில் வந்து நிற்கத் தொடங்கிய ஆனி மாதத்திலிருந்தே தொடவில்லை. இருந்தாலும் ஐந்தரை மணிக்குக் கை கழுவாமல் ஒருவரும் வீட்டுக்குப் போனதில்லை. நோய்க்குப் பயந்துதான் இவ்வளவு அக்கறையாகக் கழுவுகிறார்கள் என்று நினைத்து, ஒரு நாள் யாரோ ஒரு புண்ணியவான் மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று படம் பிடித்துக்கொண்டு போனார்.

கச்சிராயபாளையம் சாலை பிரிகிற அந்த முக்குதான் கள்ளக்குறிச்சியில் கட்டட வேலைக்கு ஆள் நிற்கிற இடம். கொத்தனாரும் சித்தாளும் ஏழரைக்கே தூக்குவாளியோடு வந்துவிடுவார்கள். வீடு கட்டுகிறவர்கள் மோட்டார் சைக்கிளில் வந்து, “ரெண்டு கொத்தனாரு, மூணு சித்தாளு” என்று கூப்பிட்டுக்கொண்டு போவார்கள். பத்து மணி வரைக்கும் கூப்பிடாவிட்டால் அன்றைய பொழுது அவ்வளவுதான், வீட்டுக்குத் திரும்ப வேண்டியது. அதில்தான் சங்கடம். நிறைந்த தூக்குவாளியோடு பத்து மணிக்குத் தெருவில் நுழைகிறவரைத் தெருவே பார்க்கும். “இன்னா, சோறு திரும்பி வருது?” என்று கேட்க ஒரு வாயாவது இருக்கும். மாதத்தில் ஒரு நாள் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். தினமும் சோறு திரும்பி வந்தால் எந்த முகத்தோடு போவது?

ஆகவே மேஸ்திரி ஓர் ஏற்பாடு செய்தார். வேலை இல்லாவிட்டால் என்ன, வேலை நேரம் இருக்கிறதல்லவா? ஒன்பதுக்கு ஆரம்பம். பதினொன்றுக்கு டீ, கையில் காசில்லாத நாளில் டீக்கு உண்டான பத்து நிமிடம் மட்டும். ஒரு மணிக்குப் புங்கமரத்தடியில் சாப்பாடு. இரண்டு மணிக்கு “ஏறுங்கப்பா” என்பார். ஏறுவதற்குச் சாரம் எதுவும் இல்லை, ஆகையால் எழுந்து நிற்பார்கள். மழை தூறினால், “மழையில கலவ நிக்காது, ஒதுங்குங்க” என்று நிறுத்திவிடுவார். ஞாயிறு விடுமுறை.

சித்தாள் கொளஞ்சியம்மாள் ஒரு முறை நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு, இரண்டு நாள் கழித்து முக்குக்கு வந்தாள். மேஸ்திரிக்கு வந்ததே கோபம்.

“சொல்லாம கொள்ளாம லீவு போட்டா இன்னா அர்த்தம்? இங்க யாரு நிக்கறது?”

“நான் இல்லன்னா நிக்கற வேல நின்னுடுமா மேஸ்திரி?” என்றாள் கொளஞ்சியம்மாள். இருபது வருடம் செங்கல் சுமந்தும் அவள் தலை யாருக்கும் குனிந்ததில்லை.

“ஆளு கம்மியானா சைட்டு கெட்டுப்போவும்” என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளுக்கு அரை நாள் பிடித்தம் என்றும் அறிவித்தார். எதிலிருந்து பிடிப்பது என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

சனிக்கிழமைதான் கொஞ்சம் கஷ்டம். வாரக் கூலி கொடுக்கிற நாள். கை கழுவியபின் பழக்க தோஷத்தில் எல்லோரும் மேஸ்திரியைச் சுற்றி நிற்பார்கள். அவர் தொண்டையைச் செருமுவார். வானத்தைப் பார்ப்பார். “சரி, திங்கக்கெழம பாக்கலாம்” என்பார். “சரிங்க மேஸ்திரி” என்று கலைந்து போவார்கள். அந்த அரை நிமிடம் அவருக்கு எப்படி இருந்தது என்று அவர் வாயால் யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் சனிக்கிழமைகளில் அவர் மத்தியானச் சோற்றைப் பாதியில் மூடிவிடுவார்.

மேஸ்திரிக்கு வயது ஐம்பத்து நான்கு. ஒடிசலான உடம்பு. கட்டடத்தைத் தள்ளி நின்று அண்ணாந்து பார்த்தே காலம் போனதால் நெஞ்சு முன்னுக்கு வந்துவிட்டது. எதைப் பார்த்தாலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் தூக்குக்குண்டு விடுவார். மின்கம்பம் அரை இஞ்சு சாய்ந்திருக்கிறது என்பார். டீக்கடைப் பலகை இடது பக்கம் இறங்கியிருக்கிறது என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்த கையோடு சாமியாரிடம் போய், “சாமி, பீடத்துக்குப் பின்னால செவுரு ரெண்டு நூலு வெளிய வருது” என்று சொல்லிவிட்டு வந்தார். அதன்பிறகு அந்தச் சாமியாருக்குப் பூசை நேரத்தில் பின்னால் ஒரு பார்வை பார்க்காமல் இருக்க முடியவில்லை.

தொழிலில் அவருக்கு ஒரு கட்டளை உண்டு. மேஸ்திரி என்பவன் எந்தக் காலத்திலும் சும்மா இருக்கிறேன் என்று சொல்லக் கூடாது. சும்மா இருக்கிற மேஸ்திரியை எவனும் நம்ப மாட்டான், கூலியையும் குறைப்பான். யார் வந்து கேட்டாலும், “ஆளுங்கல்லாம் வேற எடத்துல நிக்கிறாங்க, ரெண்டு நாளு ஆவுங்க” என்றுதான் சொல்ல வேண்டும். முப்பது வருடமாக இந்தப் பதிலை அவர் மாற்றியதில்லை. கேட்டவர்கள் இரண்டு நாள் காத்திருந்து கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அதே வாய்க்குத்தான் இப்போது வேலை இல்லை. இதற்கு முந்தைய வருடம் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது, இனி ஊரெல்லாம் கட்டடமாக எழும்பும் என்று நம்பி, தளம் போடுகிற இரும்புத் தகடு நாற்பது வாங்கிக் கொட்டகையில் அடுக்கிவைத்தார். தகடு வந்து நான்கு மாதத்தில் நாடே இழுத்து மூடப்பட்டது. திறந்த பிறகு பார்த்தால், பாதிச் சுவரோடு நின்ற வீடுகள் பாதிச் சுவரோடு அப்படியே நின்றன.

ஆவணி மாதம் டீக்கடையில் அம்மாசி செய்தித்தாளைப் படித்தார். அம்மாசி அறுபது வயதுக் கொத்தனார், எழுத்துக் கூட்டிப் படிப்பார். நாட்டின் பொருளாதாரம் இருபத்து நான்கு சதவீதம் சுருங்கிவிட்டதாகப் போட்டிருந்தது.

“அப்டின்னா இன்னா மேஸ்திரி?” என்று கேட்டான் சின்னதுரை. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு மேலே ஒரு சிற்றூர்க்காரன். கேரளத்தில் மிளகுத் தோட்ட வேலை நின்றுபோய், பாதி நடந்தும் பாதி லாரியிலுமாக ஊர் வந்து சேர்ந்தவன். திங்கட்கிழமை மலையிறங்கி வந்தால் சனிக்கிழமை வரை அம்மாசி வீட்டில் படுத்துக்கொள்வான்.

மேஸ்திரி கீழே கிடந்த நான்கு செங்கல் துண்டுகளைப் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். “இதான் நாடு. பாத்துகினியா?” என்று சொல்லி, கீழிருந்து இரண்டாவது கல்லை உருவினார். மேலே இருந்தவை சரிந்து விழுந்தன. “நாலுல ஒண்ண உருவிட்டான். அதான் இருவத்தி நாலு.”

“உருவுன கல்லு இப்ப எங்க மேஸ்திரி?”

மேஸ்திரி கையிலிருந்த துண்டைப் பார்த்தார். “இங்கதான், முக்குல நிக்குது” என்றார்.

ஏன் இப்படி ஆனது என்பதைப் பற்றித் தினமும் பதினொரு மணி டீயின்போது ஆராய்ச்சி நடந்தது. வட்டிக்குக் கொடுக்கிறவர்கள் பயந்துவிட்டார்கள் என்றார் அம்மாசி. கொளஞ்சியம்மாள் சொன்னதுதான் எல்லோருக்கும் சரியாகப் பட்டது.

“கல்யாணம் காச்சி நடந்தாத்தான் ஒருத்தன் வூடு கட்டுவான். வூடு கட்டுனாத்தான் நம்மள கூப்புடுவான். நம்மள கூப்புட்டாத்தான் நான் எம் பையனுக்கு கல்யாணம் பண்ணுவேன். இதுல யாரு மொதல்ல ஆரம்பிக்கறது?”

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மேஸ்திரி சொன்னார்: “எவனாச்சும் ஒருத்தன் துணிஞ்சி ஒரு மூட்ட சிமெண்டு வாங்கணும்.”

எல்லோரும் சாலையைப் பார்த்தார்கள். அப்படி ஒருவனும் வரவில்லை.

இவ்வளவையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு மேஸ்திரி நின்றதற்கு ஒரு காரணம் இருந்தது. அவருடைய மகள் பவுலின் நர்சிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். கல்லூரி மூடியிருந்ததால் வடக்கனந்தலில் வீட்டிலிருந்தபடி கைபேசியில் பாடம். பக்கத்து வீட்டுப் பெண் திருப்பூருக்கு முகக்கவசம் தைக்கப் போன மறுநாள், பவுலின் அப்பாவின் எதிரே வந்து நின்று, “வேல இல்லன்னா சொல்லிடுப்பா. நானும் திருப்பூர் போறேன். படிப்ப அப்பறம் பாத்துக்கலாம்” என்றாள்.

அப்பறம் என்ற சொல்லை மேஸ்திரிக்கு நன்றாகத் தெரியும். அப்பறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஜன்னலுக்கு மேலே லிண்டல் மட்டத்தில் நிறுத்திய வீடுகளை வரிசையாகக் காட்டுவார். பத்து வருடமாக அவற்றில் ஆடுதான் கட்டியிருக்கிறது. “யாரு சொன்னா வேல இல்லன்னு? தியாகதுருகத்துல மாடி வூடு ஒண்ணு எடுத்துருக்கறேன்” என்று சொல்லிவிட்டார்.

சொன்னபின் கட்டித்தானே ஆகவேண்டும்? ஆனியில் அஸ்திவாரம் போட்டார். ஆடியில் லிண்டல் வந்தது. வீட்டுக்காரர் ஒரு மிலிட்டரிக்காரர், எல்லாவற்றுக்கும் மணி பார்க்கிறவர். மாலையில் சைக்கிளை நிறுத்தியதும் மனைவி உபகாரமேரி உள்ளே இருக்கிற மகளுக்குக் கேட்கும்படி உரக்க விசாரிப்பாள்.

“இன்னா பவுலினு அப்பா, இன்னிக்கி எதுவரிக்கும் வந்துச்சி?”

“ஜன்னலு மட்டத்துக்கு.”

“அந்த மிலிட்டரி இன்னிக்காச்சும் டீ வாங்கிக் குடுத்தாரா?”

“எங்க! தண்ணிகூட அளந்துதான் குடுக்கறான்.”

ஒரு நாள் சமையலறை ஜன்னலைக் கிழக்கே வைத்தால் நன்றாக இருக்கும் என்றாள் உபகாரமேரி. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. மறுநாள் முக்கில் நின்றபடி மேஸ்திரி கட்டின சுவரை இடித்து ஜன்னலைக் கிழக்கே மாற்றினார். அதில் வேலை இரண்டு நாள் பிந்தியது. தளம் போட்டதும் இருபத்தொரு நாள் தண்ணீர் கட்டாமல் பலகை பிரிக்கமாட்டேன் என்று உறுதியாக இருந்தார். நடுவில் ஒரு ராத்திரி நல்ல மழை. தியாகதுருகத்துத் தளம் என்ன ஆகுமோ என்று புரண்டுகொண்டே படுத்திருந்தார். இல்லாத தளத்துக்கு எதற்கு இந்தப் பாடு என்று தோன்றியபிறகும் தூக்கம் வரவில்லை.

சனிக்கிழமைகளில் வீட்டுக்குக் கூலி கொண்டுபோக வேண்டுமே. வாரத்துக்கு இரண்டு தகடு பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று. தியாகதுருகத்து வீடு உயர உயர, கொட்டகையில் தகடு குறைந்தது. புரட்டாசியில் வீடு மாடிப்பூச்சுக்கு வந்தபோது தகடு ஆறுதான் மிச்சம்.

தினமும் மற்றவர்கள் கை கழுவிப் போனபின் மேஸ்திரி மட்டும் குழாயடியில் தங்குவார். பையிலிருந்து ஒரு பழைய பவுடர் டப்பாவை எடுப்பார். அதில் ஒரு பிடி சிமெண்டு. தண்ணீரில் குழைத்துக் கணுக்காலிலும் லுங்கி ஓரத்திலும் கொஞ்சம் பூசிக்கொள்வார். பூச்சுக் கரண்டியையும் அதில் ஒரு முறை தோய்த்தெடுப்பார். நன்றாகக் கழுவிவிட்டு அழுக்காக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற மனிதர் கள்ளக்குறிச்சியில் அவர் ஒருவர்தான்.

ஒரே ஒரு விஷயம் அவரை உறுத்தியது. சிமெண்டு மனிதனின் கையைத் தின்னும். விரல் நுனியெல்லாம் பொத்துப்போகும். கல்யாணமான நாள் முதல் உபகாரமேரி தினமும் மாலையில் ஒரு கிண்ணத்தில் தேங்காயெண்ணெயைச் சுடவைத்துக் கொண்டுவந்து அவர் கையில் தடவிவிடுவாள். ஊரடங்கில் வீட்டிலிருந்தபோது அந்தக் கிண்ணம் வராமல் போனது சரி. ஆனியில் வேலை திரும்ப ஆரம்பித்த பிறகும் வரவில்லை. எண்ணெய் விலை ஏறியிருக்கும், அவள் சிக்கனம் பிடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு மேஸ்திரி கேட்காமல் விட்டுவிட்டார். நாலில் ஒரு கல்லை உருவும்போது எண்ணெய்க் கிண்ணமும் சேர்ந்து போகத்தானே செய்யும்?

முக்குக்கு நேர் எதிரே டைல்ஸ் கடை வைத்திருந்த கண்ணாயிரம் நான்கு மாதமாக இவர்கள் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் பார்க்க வேறொன்றும் இல்லை, கடைக்கு ஈதான் வந்தது. புரட்டாசி மாதம் ஒரு காலையில் சாலையைத் தாண்டி வந்தார்.

“மேஸ்திரி, ஒரு வேல கீது. கடைல வந்து நிக்கணும்.”

“இன்னா வேல?”

“நிக்கறதுதான் வேல. ஆளு இல்லாத கடைக்குள்ள ஆளு வரமாட்டேங்குது. நீங்க ஏழு பேரும் டைலு வாங்க வந்தமாதிரி நிக்கணும். வாங்க வேணாம். அந்த மாதிரி நின்னா போதும். பாதிக் கூலி தரேன். உங்கள மாதிரி நிக்கிறவங்கள நான் எங்கயும் பாத்ததில்ல.”

ஆறு பேரும் மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் தாடையைச் சொறிந்தார்.

“ஆளுங்கல்லாம் வேற எடத்துல நிக்கிறாங்க” என்றார். “ரெண்டு நாளு ஆவும்.”

கண்ணாயிரம் தலையாட்டிவிட்டுப் போனார். அன்றும் மறுநாளும் ஏழு பேரும் அவருடைய கடைக்கு எதிரிலேயே, அவர் கண்ணுக்கு நேராக, ஒன்பது முதல் ஐந்தரை வரை நின்றார்கள். கண்ணாயிரமும் மரியாதையாகக் காத்திருந்தார். மூன்றாம் நாள் எல்லோரும் சாலையைத் தாண்டினார்கள்.

கண்ணாயிரம் ஆளுக்கொரு வேடம் கொடுத்தார். மேஸ்திரிக்குத் தன் வெள்ளைச் சட்டையையும் வேட்டியையும் கொடுத்து இரண்டு மாடி கட்டுகிற முதலாளி ஆக்கினார். அம்மாசி அவருக்கு மாமனார். கொளஞ்சியம்மாள் சேலத்திலிருந்து வந்திருக்கிற அக்கா. சின்னதுரை கார் ஓட்டுகிறவன். காரை வேறெங்கோ நிறுத்தியிருக்கிறான். மற்ற மூவரும் சொந்தக்காரர்கள்.

நிற்பதில் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அம்மாசி மாமனாருக்கான மௌனத்தோடு நின்றார். கொளஞ்சியம்மாள் ஒவ்வொரு டைல்ஸாக எடுத்துக் கையில் எடை பார்த்து, “இது ஒரு டைலா? தோசகூட இத்தவிட தடிப்பா இருக்கும்” என்று ஒதுக்கினாள். அவளைக் கண்டு கடைப் பையன்கள் உண்மையாகவே பயந்தார்கள். மேஸ்திரிதான் அடிக்கடி வேடத்தை மறந்துபோனார். டைல்ஸை விரலால் தட்டிப்பார்த்து, “இது வளஞ்சி கீது, ஒட்டாது” என்று உரக்கச் சொல்லிவிடுவார். கண்ணாயிரம் இருமுவார்.

கடையில் கூட்டம் என்ற செய்தி பரவியது. வாசலில் ஒரு வேர்க்கடலை வண்டி வந்து நின்றது. நான்கு கடை தள்ளியிருந்த இரும்புக்கடைக்காரர் பொறுக்கமுடியாமல் தானும் ஐந்து பேரை நிற்கவைத்தார். பெயிண்ட் கடைக்காரர் மூன்று பேர் வைத்தார். ஒரு வாரத்தில் அந்தச் சாலை தீபாவளிக்கு முந்தின நாள்போல ஆகிவிட்டது. மந்தம் தீர்ந்தது என்று பேசிக்கொண்டே ஜனங்கள் எதையும் வாங்காமல் நடந்து போனார்கள்.

பத்தாம் நாள் மத்தியானம் ஒரு பெண்மணி உள்ளே வந்தார். பெயர் அமிர்தம், சின்னசேலம் தபால் ஆபீசில் வேலை. “இவ்ளோ பேரு நிக்கிற கடைல வெல கம்மியாத்தான் இருக்கும்” என்று சொல்லிக்கொண்டே பார்த்தார். கால் மணி நேரத்தில் குளியலறைக்கு நான்கு பெட்டி எடுத்துவைக்கச் சொன்னார். துணிந்து வாங்குகிற அந்த ஒருத்தர் இதோ வந்துவிட்டார்!

அமிர்தம் பக்கத்தில் நின்ற வெள்ளைச் சட்டைக்காரரிடம் திரும்பினார். “உங்க வூட்டுக்கு யாருங்க மேஸ்திரி? எங்க பாத்ரூமு மார்ச்சுல இருந்து பாதில நிக்குது. பழைய மேஸ்திரி ஊரவிட்டே போய்ட்டாரு.”

மேஸ்திரி கண்ணாயிரத்தைப் பார்த்தார். வேண்டாம் என்று கண்ணாயிரம் கண்ணாலேயே கெஞ்சினார். நாடகம் வெளிப்பட்டால் நான்கு பெட்டியும் திரும்பிவிடும்.

“தைரியநாதன்னு ஒருத்தருங்க” என்றார் மேஸ்திரி.

“ஆளு எப்டி?”

தன்னைத்தானே எவ்வளவு புகழலாம் என்று அவருக்குத் தெரியவில்லை. “வேல சுத்தமா இருக்கும். வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி.”

“கொஞ்சமா?” என்றாள் சேலத்து அக்கா.

“நம்பரு இருக்குதுங்களா?”

இருந்தது. ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். அவர் கொடுத்த எண்ணை அந்தம்மாள் வீட்டுக்குப் போய்க் கூப்பிடுவார் என்றுதான் நினைத்தார். அமிர்தம் அங்கேயே அழுத்தினார். வெள்ளைச் சட்டைப் பையில் மேஸ்திரியின் பட்டன் போன் ஊருக்கே கேட்கும்படி அலறியது.

மேஸ்திரி மெதுவாகத் திரும்பி, டைல்ஸ் அடுக்கைப் பார்த்தபடி போனைக் காதில் வைத்தார். “அலோ.”

“தைரியநாதன் மேஸ்திரிங்களா?” என்றார் அமிர்தம், நான்கடி தூரத்தில் நின்றுகொண்டு. அவரும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

“ஆமாங்க.”

“பாத்ரூம் வேல ஒண்ணு இருக்குது. நாளைக்கே வர முடியுங்களா?”

முப்பது வருடப் பழக்கம் முந்திக்கொண்டது. “ஆளுங்கல்லாம் தியாகதுருகத்துல ஒரு மாடி வூட்டுல நிக்கிறாங்க. ரெண்டு நாளு ஆவுங்க.”

“அப்டிங்களா? எனுக்கு நாளையோட லீவு முடியுது. பரவால்லீங்க, நான் அப்பறம் பாத்துக்கறேன்.”

எதிரே பளபளத்த டைல்ஸில் வெள்ளைச் சட்டையோடு ஒரு ஆளும், அவருக்குப் பின்னால் ஆறு பேரும் தெரிந்தார்கள். ஆறு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அப்பறம் என்ற அந்தச் சொல் மேஸ்திரியின் காதிலேயே நின்றது. கொட்டகையில் ஆறு தகடு இருக்கிறது, மூன்று வாரம் வரும். அதன்பிறகு வீட்டில் ஒரு பெண் துணிப்பையை எடுத்துக்கொண்டு சின்னசேலத்தில் ரயிலேறுவாள்.

“இல்லீங்கம்மா” என்றார் போனில். “சும்மாதாங்க இருக்கறேன். மார்ச்சு மாசத்துல இருந்து சும்மாதான் இருக்கறேன். ஏழு பேருமே சும்மாதான் நிக்கிறோம்.”

கண்ணாயிரம் விலைப்பட்டியலால் முகத்தை மூடிக்கொண்டார். மாமனார் அம்மாசி டைல்ஸ் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

“அப்ப காலைல எட்டு மணிக்கு வந்துடுங்க” என்றது போன். “உங்ககூட நிக்கிற அக்காவையும் கூட்டிகினு வாங்க. டைலு பாக்கத் தெரிஞ்சவங்க.” அமிர்தம் போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு கண்ணாயிரத்திடம் திரும்பினார். “நீங்க பெட்டிக்கு இன்னும் கொஞ்சம் கம்மி பண்ணுங்க.”

கண்ணாயிரம் மறுபேச்சு பேசாமல் குறைத்தார்.

குளியலறை ஐந்தடிக்கு நான்கடி. உள்ளே இரண்டு பேருக்குமேல் நிற்க இடமில்லை. ஆனாலும் ஏழு பேரும் போனார்கள். இரண்டிரண்டு பேராக உள்ளே மாறி மாறி வேலை செய்தார்கள், மற்ற ஐந்து பேர் வெளியே நின்றார்கள். அதில் யாருக்கும் ஒரு சிரமமும் இல்லை. மேஸ்திரி கரண்டியைப் பிடித்ததும் முதல் சட்டி கலவை கைக்குப் பிடிபடவில்லை, சுவரில் அடித்தது பாதி காலடியில் விழுந்தது. இரண்டாவது சட்டியில் மணிக்கட்டு வழிக்கு வந்தது. மத்தியானத்துக்குள் சும்மா இருந்து சும்மா இருந்து மெத்தென்று ஆகியிருந்த உள்ளங்கையைச் சிமெண்டு தின்னத் தொடங்கியது. விரல் நுனிகள் சிவந்து பொத்துக்கொண்டன. எரிச்சல் தாங்கவில்லை. அவர் சிரித்துக்கொண்டே வேலை செய்வதைப் பார்த்துச் சின்னதுரை பயந்துபோனான்.

ஐந்தரைக்கு, “கையக் கழுவுங்க” என்றார். தண்ணீர் பட்டதும் ஏழு பேரும் ஒரே நேரத்தில் “ஸ்ஸ்” என்றார்கள்.

வீட்டுக்குப் போகிற வழியில் பவுடர் டப்பாவைத் திறக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டுத் துவைகல்லில் உட்கார்ந்தார். உள்ளே பவுலினின் கைபேசியில் யாரோ எலும்புகளின் பெயரை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“தியாகதுருகத்து வூடு எதுவரிக்கும் வந்துச்சி?” என்று உபகாரமேரி வழக்கம்போல உரக்கக் கேட்டாள்.

“முடிஞ்சிடுச்சி” என்றார். “இன்னிக்கி சின்னசேலத்துல வேல.”

வாசல்படியில் நின்ற உபகாரமேரி அவர் கால்களைப் பார்க்கவில்லை. மடியில் விரித்து வைத்திருந்த கைகளைப் பார்த்தாள். உள்ளே போனாள். அடுப்படியில் ஏதோ உருளும் சத்தமும், தீக்குச்சி கிழிக்கிற சத்தமும் கேட்டன. திரும்பி வந்தபோது அவள் கையில் சூடான தேங்காயெண்ணெய்க் கிண்ணம் இருந்தது.

அவர் எதிரே குத்தவைத்து உட்கார்ந்து, மகளுக்குக் கேட்காத குரலில், “கையக் காட்டு” என்றாள்.